ஒரே உப்புக்கட்டி

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று முதலில் சொன்னவன் எவனோ, அவன் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன். பார்த்துத்தான் ஆக வேண்டும். மாடாக இருந்தால் பல்லை, ஆடாக இருந்தால் மூக்கை. நான் பார்த்தேன். பார்த்ததை வாயைத் திறந்து சொன்னேன். எனக்கு ஊரில் வாயாடி என்றுதான் பெயர், அதனால் சொன்னது எடுபடவில்லை.

எங்கள் மலையில் காட்டைச் சுற்றி வேலி வந்த பிறகு கிழங்கும் தேனும் துடைப்பப் புல்லும் எங்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. மிச்சம் இருந்தது சமவெளியில் செங்கல் சூளை. மழை விட்டதும் மேஸ்திரி லாரியோடு மேலே வருவார். தனி ஆளை ஏற்ற மாட்டார், குடும்பமாகத்தான் ஏற்றுவார். பிள்ளைகளின் விரல் சின்னது, காயப்போட்ட பச்சைச் செங்கல்லைத் திருப்பி வைக்கத் தோதாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். என் தங்கச்சி புருஷன் அந்தச் சூளையில்தான் காய்ச்சலில் விழுந்தான், அங்கேயே போய்ச் சேர்ந்தான். தங்கச்சி மகளோடு திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளையின் விரல் நுனிகளில் தோலே இல்லை. சோற்றைப் பிசைய முடியாமல் தட்டில் வாய் வைத்துச் சாப்பிட்டது. அதைப் பார்த்தவள் நான்.

இதற்கு மாற்றாகத்தான் எங்கள் வேதக்கோயில் சபை ஆட்டுத் திட்டம் கொண்டு வந்தது. நல்ல திட்டம், அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். முதலில் சில வீடுகளுக்குச் சினை ஆடு கொடுத்தார்கள். தரையில் படாமல் பரண் மேல் கொட்டகை கட்டச் சொல்லித் தந்தார்கள். தீவனத்துக்கு மரக்கன்று கொடுத்தார்கள். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஆடு போடும் முதல் பெட்டைக்குட்டியை வளர்த்து, அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த வீடு அதற்கடுத்த வீட்டுக்கு. இப்படியே கை மாறிக் கை மாறி மலை முழுக்க ஆடு நிறைந்துவிடும், மேஸ்திரியின் லாரி காலியாகத் திரும்பும் என்று உபதேசியார் பிரசங்கத்தில் சொல்வார். கோயில் பொறுப்பு முழுக்க அவர்தான். போதகர் எப்போதாவது வருவார்.

குட்டியைக் கொடுக்கும் நாளில் திட்டத்து ஆடு வைத்திருக்கிற எல்லோரும் எல்லா ஆட்டையும் கோயில் முற்றத்துக்கு ஓட்டி வர வேண்டும். உபதேசியார் ஒரு உப்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கொடுக்கப்படும் குட்டி முதலில் நக்கும். பிறகு வரிசையாக ஒவ்வொரு ஆடும் அதே கட்டியை நக்கும். நாம் எல்லோரும் ஒரே உப்பைத் தின்ற மந்தை என்று அதற்கு அர்த்தம். இதை அவராகவே யோசித்துக் கொண்டு வந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, நானே கண் கலங்கியிருக்கிறேன்.

என் ஆட்டுக்குச் சீமாட்டி என்று பெயர். வாடின தழையை முகர்ந்துகூடப் பார்க்காது, அவ்வளவு மிடுக்கு. அது போட்ட முதல் பெட்டைக்குட்டி என் தங்கச்சிக்கு என்று முடிவாகியிருந்தது. வயிற்றில் வெள்ளைப் பட்டையோடு துறுதுறுவென்று வளர்ந்து, பருவத்துக்கு வந்து நின்றது. தங்கச்சி தினமும் வந்து அதைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போவாள். ஆடு கைக்கு வந்தால் இந்த வருஷம் லாரி ஏற மாட்டேன், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன் என்று வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

கொடுக்கிற ஞாயிறுக்கு முந்தைய வாரம், கீழ்ச்சாலை வழியாக ஒரு வியாபாரி பெரிய மந்தையை ஓட்டிக்கொண்டு போனான். ஆட்டைக் கொட்டகையில் வைத்தே தீனி போட வேண்டும் என்பது சபையின் சொல். என் வீட்டுக்காரருக்கோ தழை அறுக்கக் கை வணங்காது. சீமாட்டியையும் குட்டியையும் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போனவர், அந்த மந்தை குடித்த சுனையிலேயே தண்ணீர் காட்டிவிட்டு, வியாபாரியோடு பீடி பிடித்துக் கதை பேசிவிட்டு வந்தார். மந்தையில் பாதி ஆடு செருமிக்கொண்டே போனது, தூசி போல என்றார்.

ஞாயிறுக்கு இரண்டு நாள் இருக்க, வெள்ளிக்கிழமை காலையில் குட்டி தீனி எடுக்கவில்லை. மூக்கிலிருந்து சளி ஒழுகியது. கண்ணில் பீளை கட்டி, இமை ஒட்டிக் கிடந்தது. வாயைத் திறந்து பார்த்தேன், குப்பென்று ஒரு நாற்றம். நோயின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் சளி என்றால் இப்படி நாறாது என்று தெரியும். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முழங்காலில் முட்டி நின்றது.

நேரே உபதேசியாரிடம் போனேன். முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டுத் திட்டத்துக்கு உதவுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்களாம். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், ஏணியில் நின்றிருந்த தையல்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் குட்டி கொடுக்க வேண்டிய முறை தையல்காரருடையது. கொடுக்க மனசு வராமல், குட்டிக்குக் கால் ஒடிந்துவிட்டது என்று துணிக்கட்டுப் போட்டுக் கூட்டி வந்தார். தையல்காரர் கட்டாயிற்றே, ஓரம் அடித்துப் பிரமாதமாக இருந்தது. அந்தக் குட்டி கோயில் மணிச் சத்தத்துக்கு மிரண்டு, கட்டோடு சுவரைத் தாண்டி ஓடியது. நொண்டிச்சாக்கு என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம். அந்த வாரமே சபை கூடி முடிவு செய்தது: இனிமேல் சீக்கு, நொண்டி, குருடு என்று யாரும் வீட்டில் இருந்தபடி சொல்லக் கூடாது. ஆட்டைக் கோயிலுக்குக் கொண்டு வர வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும்.

கொண்டு வரக் கூடாது என்றுதான் சொல்ல வந்தேன் என்றேன். மற்ற ஆடுகளுக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். உபதேசியார் கெட்டவர் இல்லை. என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"வளர்த்த பாசம் இருக்கும்மா, எனக்குப் புரியுது. ஆனா உன் கூடப்பொறந்தவளுக்குத்தானே போகுது?"

மாட்டு டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். போட்டார். டாக்டர் திங்கட்கிழமை வருகிறேன் என்றார். அப்படியானால் கொடுப்பதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வையுங்கள் என்றேன். அவர் பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி தங்கச்சி காதுக்குப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மறுநாள் மத்தியானம் வந்தாள். கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள்.

"மனசில்லைன்னா மனசில்லைன்னு சொல்லிடு அக்கா. சீக்கு கீக்குன்னு சொல்லாத."

"மனசு இருக்குடி. அதுக்கு உடம்புதான் சரியில்ல. நீயே வந்து பாரு."

"மேஸ்திரி நேத்தே வந்துட்டாரு. சாமான் கட்டி வைன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நான் எதைப் பார்க்கட்டும்?"

குட்டிக்குப் பதில் சீமாட்டியையே எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து சீமாட்டியும் தழையைத் தொடவில்லை. தங்கச்சி எழுந்து குட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். முந்தானையை நனைத்து அதன் மூக்கைத் துடைத்தாள், கண் பீளையைத் துடைத்தாள். அடுத்த நாள் சபைக்கு முன்னால் குட்டி பளிச்சென்று தெரிய வேண்டுமாம். குட்டி அவள் கைக்குள் இருமியது. அவள் எனக்குக் கேட்காதபடி அதன் வாயை மெதுவாகப் பொத்தினாள். எனக்குக் கேட்டது.

ஞாயிறு காலை முற்றம் முழுக்க ஆடு. பெண்கள் ஆட்டுக்கு எண்ணெய் தடவி, கொம்புக்கு வண்ணம் அடித்துக் கொண்டு வந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் படம் எடுத்தார்கள். என் வெள்ளைப்பட்டைக் குட்டி முன்வரிசையில், தங்கச்சி மகளின் கையில். அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

உபதேசியார் உப்புக்கட்டியை எடுத்தார். நான் எழுந்து நின்றேன். குட்டியைக் கடைசியாக நக்க விடுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை என்று சத்தமாகவே சொன்னேன். வந்தவர்களில் ஒருவர் என்னவென்று பக்கத்தில் விசாரித்தார். வளர்த்தவள், பிரிய மனசில்லை என்று யாரோ விளக்கம் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்துப் பரிவாகத் தலையசைத்தார்.

"கொடுக்கிற குட்டிதான் முதல்ல. அதுதாம்மா முறை," என்றார் உபதேசியார்.

குட்டி நக்கியது. தின்ன மாட்டேன் என்று கிடந்தது, உப்புக்கு மட்டும் நாக்கை நீட்டியது. அதன் வாயிலிருந்து நூல் போல எச்சில் இறங்கி, கட்டியிலும் அவர் விரல்களிலும் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. அடுத்த ஆட்டிடம் போனார், அதற்கடுத்த ஆட்டிடம் போனார். பாட்டுப் பாடிக்கொண்டே வரிசையின் கடைசி வரை போனார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் வரவில்லை. விட்டிருந்த மழை திரும்பப் பிடித்து, பாதை சரிந்துவிட்டது. புதன்கிழமை தங்கச்சியின் குட்டி செத்தது, அன்று சாயங்காலம் சீமாட்டி. டாக்டர் சேறும் சகதியுமாக மேலே வந்து சேர்ந்தபோது எந்தக் கொட்டகையைப் பார்த்தாலும் இருமல். பரணுக்கு அடியில் கழிச்சல் வழிந்து கிடந்தது. இது ஆட்டுக்கொல்லி நோய், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மூச்சிலும் எச்சிலிலும் பரவும், முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்தால் வந்திருக்காது என்றார். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார். முதலில் எந்த ஆட்டுக்கு வந்தது என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊர் ஆடுகள் ஒவ்வொன்றாகச் செத்து விழ, குழிமேட்டில் பேச்சு முளைத்தது. மனசில்லாமல் கொடுத்தது தங்குமா என்றாள் ஒருத்தி. சபை நடுவில் எழுந்து நின்று சொன்னாளே, சொன்ன வாய் பலித்துவிட்டதே என்றார் தையல்காரர். அவர் போட்ட கட்டு அவர் ஆட்டின் காலில் அவிழ்ந்து என் கழுத்தில் இறுகியதை யாரிடம் போய்ச் சொல்ல? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதன் பிறகு அடுப்புக்கு நெருப்புக் கேட்டு என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. நான் முன்பு கொடுத்திருந்த கத்தரி நாற்றைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்திருந்தார்கள்.

உபதேசியாரிடம் போய் நின்றேன். டாக்டர் சொன்னதை அப்படியே சபையில் சொல்லுங்கள், அது போதும் என்றேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் உப்புக்கட்டி யார் கையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டி வரும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று பார்க்க வந்தவர்கள் அடுத்த வருஷம் வேறு ஆடுகள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சனத்தின் மனசை இப்போது கலைக்க வேண்டாம் என்றார். உப்பு வைக்கும் சடங்கையாவது விடுங்கள் என்றேன்.

"உப்பு என்னம்மா பண்ணுச்சு," என்றார். "மனசுங்க ஒண்ணா இருந்தா உப்பு ஒண்ணும் பண்ணாது."

மேஸ்திரியின் லாரி எந்த வருஷமும் இல்லாத கூட்டத்தோடு நின்றது. ஆடு வைத்திருந்த வீடுகள்கூடச் சாமான் கட்டியிருந்தன. தங்கச்சி ஏற்கெனவே மேலே ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. விரல் நுனியில் தோல் வளர்ந்து, இளஞ்சிவப்பாக இருந்தது. சூளையில் இரவில் பனி கொட்டும் என்று என் கல்யாணத்துக்கு வந்த கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். எக்கி நீட்டினேன். பிள்ளை சிரித்துக்கொண்டே பெரியம்மா என்று கையை நீட்டியது.

தங்கச்சி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். பயம்தான் இருந்தது. மகளை என்னிடமிருந்து மறைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் அக்கா. நீ குடுக்கிறது எதுவும் எங்ககிட்ட தங்காது."

லாரி கிளம்பியது. கம்பளி என் கையிலேயே இருந்தது. பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது, வளைவு வரைக்கும் பார்த்தது. நான் கையை அசைக்கவில்லை. அசைத்தால் அதற்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.