கருவாட்டுக் கிட்டங்கியின் கூரை

மூன்று மாதம் தங்கிக் கலைப்படைப்பு ஒன்று செய்யவென்று கொழும்பிலிருந்து சிவநேசன் வந்தபோது, எங்கள் முதலாளி, நான் கருவாட்டுச் சாக்கு அடுக்கும் கிட்டங்கியைத் திறந்துவிட்டார். சிவநேசன் தகரக் கூரையில் ஏறி, துறைமுகத்தின் வடிவம் வரும்படி ஆணியால் நூற்றுக்கணக்கில் துளை போட்டார். நடுப்பகலில் கருவாட்டுச் சாக்குகளின் மேல் திருகோணமலைத் துறைமுகம் ஒளிப்புள்ளிகளாக விழுந்தது. அழகுதான். அதனால் என் எரிச்சல் இன்னும் கூடியது.

ஏணியடியில் நின்று கத்தினேன்: "மாரி மழைக்கு இந்தக் கருவாடெல்லாம் என்னாகும்?"

"வெளிச்சத்தைப் பாருங்கோ, அசனா. மாரிக்கு முன்னம் நான் போயிருவன்," என்றார் கூரையிலிருந்து.

ஏணியை இழுத்துத் தரையில் போட்டேன். கயிற்றை மேலே எறிந்தேன். "தார் வாளி கட்டியிருக்கு, இழுத்தெடுங்க. எல்லாத் துளையையும் அடைச்சாத்தான் ஏணி."

உள்ளே போய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்தேன். துறைமுகம் புள்ளி புள்ளியாக அணைந்தது.