இராசமலரின் மாடி எதிர்ப்பு

லிங்கநகரில் இராசமலர் குடியிருக்கும் ஒழுங்கையில், இனிப் பத்துப் பேர்ச் அளவுள்ள சிறு காணியிலும் நாலு தட்டு மாடி வரை கட்டலாம் என்று புதிய விதி வரப்போவதாகக் கதை அடிபட்டது. அன்றே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். அதை எதிர்த்து ஒரு மனு எழுதி, வீட்டுக்கு வீடு படலை திறந்து ஏறி இறங்கி நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினாள்.

"மேல நிண்டு எட்டிப் பார்த்தா நாங்கள் கிணத்தடியில குளிக்கேலுமோ?" என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. அவளோடு வாயாடி வென்றவர் அந்த ஒழுங்கையில் கிடையாது. கணவர் கோணேஸ்வரன் கலியாணமான வருடமே அந்த முயற்சியைக் கைவிட்டவர்.

மனுவில் முதல் கையெழுத்து புஷ்பவதியுடையது. அவளுடைய மகன் விதுசனுக்குத்தான் இராசமலரின் இளைய மகள் கீர்த்தனியைப் பேசி முடித்திருந்தது. ஆவணியில் கலியாணம். பெண்ணுக்கு வீடு கொடுத்தே ஆகவேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. இருந்த வீட்டை மூத்தவள் லோஜினிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இராசமலரும் கணவரும் சமையல் குசினிக்குப் பின்னால் இறக்கிய ஒற்றை அறைக்குப் போய் ஆறு வருடம். வேறு காணி இல்லை. ஆகவே லோஜினியின் வீட்டுக்கு மேல் கீர்த்தனிக்கு ஒரு வீடு எழுப்புவதாக வாக்குக் கொடுத்து, பிளானும் கீறியாயிற்று.

இந்த வாக்கையும் அந்த மனுவையும் சேர்த்துப் பார்க்க இராசமலர் என்ற அந்தப் புண்ணியவதிக்குத் தோன்றவேயில்லை. மாடி என்றால் ஊர் பேர் தெரியாதவர்கள் வாடகைக்கு வந்து குந்துவது. கீர்த்தனிக்குக் கட்டப்போவது சீதன வீடு. அது எப்படி மாடியாகும்?

சனசமூக நிலையத்தில் கூட்டம் கூடியது. நகரசபை அதிகாரி பரீனா மனுவை உரத்து வாசித்தாள்.

"'எங்கள் ஒழுங்கையில் எவருக்கும், எக்காரணம் கொண்டும், நிலத் தட்டுக்கு மேல் இன்னொரு தட்டுக்கூட அனுமதிக்கக் கூடாது.' நல்ல தெளிவா எழுதியிருக்கிறீங்கள். மனுவுக்குத் தலைவி நீங்கள், கையெழுத்து வைச்சா இண்டைக்கே அனுப்புறன்."

கைதட்டல் எழுந்தது. இராசமலர் பேனையைத் திறந்தாள். பக்கத்துக் கதிரையிலிருந்த புஷ்பவதி குனிந்து, "மச்சாள், அப்ப கீர்த்தனியின்ர வீடு?" என்றாள்.

"அதுக்கென்ன? அது மேல..." இராசமலரின் வாய் அப்படியே நின்றது. பரீனாவைப் பார்த்தாள். "எவருக்கும் எண்டா... எங்களுக்குமோ?"

"ஓம் அம்மா. நீங்கள்தானே எழுதினது."

"வீடில்லாட்டி நான் கலியாணத்துக்கு நாள் வைக்க ஏலாது," என்றாள் புஷ்பவதி.

"நீங்களும்தானே முதல் ஆளாக் கையெழுத்து வைச்சனீங்கள்!"

"நான் மாடிக்கு எதிராத்தான் வைச்சனான். என்ர மருமகளின்ர வீட்டுக்கு எதிரா இல்லை."

பின்வரிசையில் கீர்த்தனி கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். அதைக் கண்டதும் இராசமலர் பேனையை மூடிவிட்டுப் பரீனாவிடம் திரும்பினாள்.

"பிள்ளை, உங்கட விதியில எத்தனை தட்டு?"

"நாலு."

இராசமலர் விரல் மடித்தாள். "லோஜினிக்குக் கீழ. கீர்த்தனிக்கு அதுக்கு மேல. லோஜினியின்ர பெட்டையள் ரெண்டுக்கும் ஒவ்வொண்டு. சரி, நாலு."

மண்டபத்தில் பெண் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் விரல் மடிக்கத் தொடங்கினார்கள்.

"அப்ப கிணத்தடி?" என்று யாரோ கேட்டார்கள்.

"தகரம் அடிச்சு மறையுங்கோ!"

எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத கோணேஸ்வரன் மெல்லச் செருமினார். "மலர், அப்ப நாங்கள் எங்க?"

அந்த ஆறு வருடத்தில் மனுசன் ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை. இராசமலர் தன் கையில் மடிக்காமல் மிஞ்சி நின்ற ஒற்றை விரலைப் பார்த்தாள். அதையும் மடித்தாள்.

"நாலு காணாது பிள்ளை," என்றாள் பரீனாவிடம். "அஞ்சாக்கித் தாங்கோ."