ஈரலில் ஏறிய நான்கு சதவீதம்

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் முடித்தாக வேண்டும். அண்ணி கொழுந்தனின் தோள்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். சார்ஜர், சீப்பு, கசங்கிய துண்டு. பக்கவாட்டு ஜிப்பை இழுத்தாள். ஒரு பொட்டலம் பாதாம் வந்தது. அதற்கடியில் விரல் நீளத்துக்கு ஒரு பாட்டில். மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

எண்ணெய்!

பாட்டிலை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தன் ஈரலில் பாதியைத் தர முன்வந்தவன் இந்தத் தம்பி ஒருவன்தான். பரிசோதித்தால், அவன் ஈரலில் பதினெட்டு சதவீதம் கொழுப்பு. பத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றே அண்ணி எண்ணெய் டின்னைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். கொழுந்தனைத் தன் வீட்டிலேயே தங்கவைத்து, எல்லாவற்றையும் வேகவைத்தே போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். ஒரு மாதம் கழித்து ஸ்கேன் சொன்ன கணக்கு, இருபத்திரண்டு! இன்னும் ஒரே ஒரு மாதம்தான் அவகாசம் என்றார் டாக்டர்.

அன்று விழுந்தது சந்தேகம். கத்திக்குப் பயந்து வெளியே எதையாவது வாங்கித் தின்கிறானா? மாட்டேன் என்று சொல்ல முகமில்லாமல் உடம்பைச் சாக்காக்குகிறானா?

கதவு திறந்தது. தலையைத் துவட்டியபடி நின்றான் கொழுந்தன்.

"என்ன அண்ணி, போலீஸ்ல சேர்ந்துட்டீங்களா?"

"இளிக்காதே. என்னது இது?"

அவன் சிரிப்பு அணைந்தது. "எண்ணெய். மதியம் ஆபீஸ்ல காய்மேல ஊத்திக்குவேன்."

"வாய் கூசாம சொல்றியே! இஷ்டமில்லைன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? உங்கண்ணன் நாளை எண்ணிக்கிட்டுக் கிடக்கிறார்டா!"

அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "தப்பு என்மேலயே இருக்கட்டும். இன்னைக்குக் கடைசி ஸ்கேன். கிளம்புங்க."

என்மேலயே இருக்கட்டும் என்றால்? வேறு யார்மேல் இருக்குமாம்? பஸ்ஸில் அவள் அவன் பக்கமே திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில், உணவு ஆலோசனை சொல்லும் அம்மாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏழு! தாராளமா ஆபரேஷன் பண்ணலாம்."

அண்ணிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "இவன் திருட்டுத்தனமா எண்ணெய் சாப்பிட்டிருக்கானே!"

"போன மாசம் இவர் தனியா வந்து கேட்டப்போ நான்தான் அளவா சாப்பிடச் சொன்னேன். நல்ல எண்ணெய், பாதாம் எல்லாம் கொஞ்சம் இருந்தா பசி அடங்கும். போன தடவை ஏறினது எண்ணெயால இல்லம்மா. சர்க்கரை அளவுக்கு மீறி உள்ள போனா, ஈரல் அதையும் கொழுப்பா மாத்தி வெச்சுக்கும்."

"இவன் இனிப்பே தொடமாட்டானே?"

"மேடம், விடுங்களேன்..." என்று கொழுந்தன் கெஞ்சினான்.

அந்த அம்மாள் அதற்குள் ஃபைலைப் புரட்டியிருந்தாள். "இதோ, இவரே எழுதிக் கொடுத்தது. தினமும் ஆறு டம்ளர் பழ ஜூஸ். கொழுப்பில்லாத பிஸ்கட்னு ரெண்டு பாக்கெட். யார் கொடுத்தாங்கன்னு கேட்டேன், அதை மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டார்."

அண்ணி அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். மெல்லக் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ... இந்த மாசமும் நான் பிழிஞ்சு பிழிஞ்சு கொடுத்தேனே?"

"எல்லாத்தையும் வாஷ்பேசின் குடிச்சிடுச்சு, அண்ணி."