இரண்டு தட்டு

"தட்டினா?"

"விடணும்!"

"எத்தனை தட்டு?"

"ரெண்டு!"

"ஒரே ஒரு தட்டு தட்டினா?"

"கொசு அடிக்கிறோம்னு அர்த்தம், மாஸ்டர்" என்றாள் வாலு.

இருபது பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு விசிலை ஊதினாள் மாஸ்டர். பெண்தான், ஆனாலும் பள்ளியில் எல்லோருக்கும் அவள் மாஸ்டர். காலையில் பார்சல் ஆபீஸில் மூட்டை பிரித்து அடுக்கும் வேலை. மாலை நான்கு மணிக்குப் பள்ளியின் பழைய ஆய்வுக்கூடத்தில் இந்தத் தற்காப்பு வகுப்பு. சுவரோரம் தண்ணீர் வராத குழாய்களும் தொட்டிகளும் அப்படியே நிற்க, நடுவில் நீல மெத்தைகள் விரித்திருந்தன.

"யாரு வரலை?"

"சிட்டு, மாஸ்டர். இன்னையோட மூணு நாள்."

"காய்ச்சலா?"

"தெரியல. ஸ்கூலுக்கே வரலை. வீட்டுக்குப் போனேன், கதவைத் திறக்கலை." வாலுவின் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை.

சிட்டு வகுப்பிலேயே சின்னவள். பதினான்கு வயது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். இடது காலை அரையடி பின்னால் வை என்றால் அளந்து வைத்தது போல அரையடியில் வைப்பாள். "ரூல் ஸ்கேல்" என்று மற்றவர்கள் கேலி செய்தாலும், சந்தேகம் வந்தால் அவளிடம்தான் கேட்பார்கள்.

பெண்கள் ஜோடி சேர்ந்தார்கள். ஒருத்தி பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றி வளைத்துப் பிடிப்பாள். பிடிபட்டவள் தாடையைத் தாழ்த்துவாள், முழங்கையைப் பின்னால் கொண்டுபோவாள், இடிப்பதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நிறுத்துவாள். நிறுத்திவிட்டு, பிடித்திருக்கும் கையில் இரண்டு தட்டு. உடனே பிடி விலகும்.

முன்பெல்லாம் இப்படி நிறுத்தியதில்லை. போன வருடம் ஒருத்திக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அவளுடைய அப்பா வந்து சத்தம் போட, தலைமையாசிரியை மாஸ்டரைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை யாருக்காவது ஏதாவது ஆச்சு, உங்க கிளாஸை மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லாப் பிடியும் தட்டில்தான் முடியும். யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. மாஸ்டருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"டீச்சர், ஒரு நிமிஷம்."

வாசலில் சிட்டுவின் அம்மா. தையல் மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"வாங்கக்கா. சிட்டு எப்படி இருக்கா?"

அம்மா மாஸ்டரைத் தொட்டிகள் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் போனை நீட்டினாள். "முதல்ல இதைப் பாருங்க. சத்தம் வராது. படம் மட்டும்தான்."

லிஃப்ட்டுக்குள் மேலிருந்து எடுத்த படம். சட்டையை நேர்த்தியாக உள்ளே விட்ட ஒரு பெரிய மனிதரின் முதுகு. அவருக்கு முன்னால் புத்தகப் பையோடு சிட்டு. அவருடைய ஒரு கை அவள் கழுத்தைச் சுற்றி வந்தது. மற்றக் கை படத்தில் தெரியவில்லை. சிட்டுவின் தலை குனிந்தது. முழங்கை கொஞ்சம் பின்னால் போய் நின்றது. பிறகு அவளுடைய கை மேலே வந்து அவர் கையில் தட்டியது. மெதுவாக, இரண்டு தரம்.

மாஸ்டர் படத்தைப் பின்னால் ஓட்டி, அந்த இரண்டு தட்டையும் மறுபடி பார்த்தாள்.

"மூணாவது மாடிக்காரர்" என்றாள் அம்மா. "பில்டிங் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். இவ டியூஷன் முடிச்சு வந்திருக்கா. அந்த இன்னொரு கை இருக்கே... வேணாம், அதை என் வாயால சொல்ல மாட்டேன். ரெண்டாவது மாடியில குப்பைக்கூடையோட ஒரு அம்மா ஏறவும் விட்டுட்டார்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"அன்னைக்கே சொன்னேன். இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினதே அவர்தான். கேமரா பொறுப்பு அவர்கிட்டதானே. 'பேத்தி மாதிரின்னு தோள்ல கை போட்டேன். பாப்பாவும் செல்லமாத் தட்டுது பாருங்க. பயந்த பிள்ளை இப்படியா பண்ணும்?'னு கேக்குறார். பில்டிங்ல இருக்குற அத்தனை போன்லயும் இப்ப இதுதான் ஓடுது."

"சிட்டு என்ன சொல்றா?"

"என்னத்தச் சொன்னா! கத்தினியாடின்னா, இல்லம்மா. இடிச்சியா? இல்லம்மா. அப்புறம் எதுக்குடி அவன் கையில தட்டினன்னு கேட்டா, தெரியலம்மாங்கிறா. ஆறு மாசமா உங்ககிட்ட வர்றா, டீச்சர். என்னதான் கத்துக்கிட்டா?" குரல் இறங்கியது. "கோவத்துல ஒரு அறை விட்டுட்டேன்."

சொல்ல வேண்டியது மாஸ்டரின் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் வெளியே வந்தது வேறு. "பயத்துல உடம்பு கல்லாயிடும்க்கா. பெரியவங்களுக்கே ஆகும்."

"கல்லாகலையே. கை அசையுதே."

மாஸ்டர் தொட்டியின் விளிம்பைத் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இல்லை.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் அம்மா. "கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிடலாம்னு இருக்கேன். பெத்தவ எனக்கே புரியல. ஊரு எப்படி நம்பும்?"

அவள் போய்விட்டாள். பின்னால் மெத்தையில் பத்து ஜோடிகள் மும்முரமாக இருந்தார்கள். தட் தட். இந்தப் பக்கம் தட் தட். அந்தப் பக்கம் தட் தட். கூரையில் தூறல் விழுவது போல அது விடாமல் கேட்டது. மாஸ்டர் விசிலை ஊதினாள்.

"போதும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

"மணி நாலரைதான் ஆகுது, மாஸ்டர்!"

"போங்கன்னா போங்கடி."

சிட்டுவின் வீடு ஐந்தாவது மாடி. மாஸ்டர் படியேறியே போனாள். முன்னறை முழுக்கத் துணி. அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து சிட்டு பிசிறு நூல்களை வெட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இடது கால் அரையடி பின்னால் இருந்தது.

"உக்காருடி."

"ஸாரி, மாஸ்டர். எல்லாத்தையும் மறந்துட்டேன்."

"மறந்தியா? பின்னாலிருந்து கழுத்தைப் பிடிச்சா முதல்ல என்ன பண்ணணும்?"

"தாடையைத் தாழ்த்தணும்."

"அப்புறம்?"

"முழங்கையைப் பின்னால கொண்டுபோகணும்."

"அப்புறம்?"

"நிறுத்தணும். நிறுத்திட்டு ரெண்டு..." சிட்டுவின் வாய் அப்படியே நின்றது. மெஷினும் நின்றது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தட்டுவ, சிட்டு?"

"முப்பது இருக்கும்."

"தட்டி யாராவது விடாம இருந்திருக்காங்களா?"

"இல்ல, மாஸ்டர்." அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அவரும் விட்டுடுவார்னு நினைச்சேன்."

கீழே எங்கோ லிஃப்ட் கதவு திறந்து மூடியது.

"இவ எதையும் மறக்கலக்கா" என்றாள் மாஸ்டர். "நான் சொல்லிக் குடுத்ததை வரி பிசகாம செஞ்சிருக்கா. தப்பு என்னோடது."

"கிளாஸ்ல வந்து நான் கேட்டப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"கிளாஸ் போயிடும்னு பயந்துட்டேன்."

"நீங்க பயந்தீங்க" என்றாள் அம்மா, ஒவ்வொரு சொல்லாக. "அதை மறைக்க என் பிள்ளையைப் பொய்க்காரியா விட்டுட்டீங்க."

மாஸ்டர் தலை குனிந்தாள். அம்மா ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள். மூன்று முறை தவறியது. சிட்டு எழுந்து வந்து, நூலை வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள். அந்தக் கையை அம்மா விடவில்லை.

மறுநாள் காலை மூவருமாக ஸ்டேஷனுக்குப் போனார்கள். பெண் இன்ஸ்பெக்டர் படத்தை இன்னொரு முறை ஓடவிட்டார்.

"பாப்பா சொல்றதை நான் நம்பலைன்னு இல்ல. ஆனா அந்த ஆளோட இன்னொரு கை இதுல தெரியல. தெரியுறது இந்தத் தட்டு மட்டும்தான். கேஸுக்கு இடிக்கிறதும் இதான்."

"அது கொஞ்சல் இல்ல, மேடம். 'விடு'ன்னு சொல்றது. எங்க கிளாஸ்ல அதான் முதல் பாடம்."

"தற்காப்பு கிளாஸ்ல பிடிச்சவனைத் தட்டச் சொல்லிக் குடுப்பீங்களா? நல்லா இருக்கே! நீங்க இவங்களுக்கு வேண்டியவங்க, கூட்டிட்டு வந்து கதை சொல்ல வைக்கிறாங்கன்னு அவன் சொன்னா?"

மாஸ்டர் யோசித்தாள். "நாலு மணிக்கு வாங்க. யார்கிட்டயும் எதுவும் சொல்லி வைக்க மாட்டேன். எந்தப் பெண்ணை வேணும்னாலும் நீங்களே பிடிச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று பார்சல் ஆபீஸில் அடுக்கிய மூட்டைகளையே திரும்பத் திரும்பப் பிரித்து அடுக்கினாள். அந்தப் பெண்கள் தட்டினால்தான் சிட்டு தப்பிப்பாள். தட்டினால், சிட்டுவைப் போல இன்னும் இருபது பேர்.

இன்ஸ்பெக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். தொப்பியையும் கடிகாரத்தையும் கழற்றித் தொட்டிமேல் வைத்தார். தலைமையாசிரியை கைகட்டி வாசலில் நின்றார். சிட்டுவும் அம்மாவும் கடைசிக் குழாயருகே நின்றார்கள்.

"உன்னைப் பிடிக்கட்டுமா?" இன்ஸ்பெக்டர் வாலுவைக் கேட்டார்.

"பிடிங்க மேடம். ஆனா எனக்குக் கூச்சம் ஜாஸ்தி, கிச்சுகிச்சு மூட்டாதீங்க."

பிடித்தார். வாலுவின் தாடை தாழ்ந்தது. முழங்கை பின்னால் போய் நின்றது. தட் தட்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை.

தட் தட். வாலு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தட் தட் தட். சிரிப்பு போய்விட்டது. கண்கள் மாஸ்டரைத் தேடின.

"மாஸ்டர், நான் தட்டிட்டேனே!"

இன்ஸ்பெக்டர் விட்டார். அடுத்தவளைப் பிடித்தார். தட் தட். அதற்கடுத்தவள். தட் தட். ஐந்தாவது பெண்ணோடு நிறுத்திக்கொண்டார்.

"போதும்."

கடைசிக் குழாயருகே சிட்டு அம்மாவிடம் மெல்லச் சொன்னாள்: "எல்லாரும்தான்மா."

இன்ஸ்பெக்டர் நின்றபடியே எழுதினார். "இந்த வாக்குமூலத்தோட கேஸ் நிக்கும்னு நினைக்கிறேன். ஆனா நீங்க கோர்ட்டுக்கு வரணும். அவனோட வக்கீல் உங்களைக் கிழிகிழின்னு கிழிப்பான். சொல்லிக் குடுத்ததே தப்புன்னு சொல்லுவான்."

"தப்புதான், மேடம். அதையும் எழுதிக்கோங்க."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க" என்றார் தலைமையாசிரியை. "பெத்தவங்க எல்லாரும் நாளைக்கு என் ரூம் வாசல்லதான் வந்து நிப்பாங்க."

"வரட்டும், மேடம். நானும் வந்து நிக்கிறேன்." மாஸ்டர் கையெழுத்துப் போட்டாள்.

"நாளையிலிருந்து ரூம் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

"சரி, மேடம். இன்னைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

தலைமையாசிரியை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்தார். இன்ஸ்பெக்டரும் போனார். பெண்கள் மெத்தையைச் சுற்றி நின்றார்கள். வாலு தன் கையை மற்றக் கையால் பிடித்து வைத்திருந்தாள்.

"தட்டினா?" என்றாள் மாஸ்டர், பழக்கத்தில்.

பெண்கள் சிட்டுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சிட்டு செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைமேல் வந்து, மாஸ்டருக்கு முதுகைக் காட்டி நின்றாள். "பிடிங்க, மாஸ்டர். தட்டினாலும் விடாதீங்க."

"இன்னைக்கு வேணாம்டி, சிட்டு."

"பிடிங்க."

மாஸ்டர் சிட்டுவின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அளவு நாடாவைச் சுருட்டிக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, ம் என்று தலையசைத்தாள்.

மாஸ்டர் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். சிட்டுவின் தாடை தாழ்ந்தது. முழங்கை போனது, விரற்கடை தூரத்தில் நின்றது. கை மேலே வந்தது. தட் தட்.

மாஸ்டரின் கை, அவளைக் கேட்காமலே, விலகிவிட்டது.

"விடாதீங்கன்னு சொன்னேன்ல?" சிட்டுவின் குரல் உடைந்தது.

"சொன்னடி. என் கைக்குத்தான் இன்னும் தெரியல."

மாஸ்டர் உள்ளங்கையை உடையில் துடைத்துக்கொண்டாள். சிட்டு மறுபடி முதுகைக் காட்டி நின்றாள்.

"இன்னொரு தடவை, மாஸ்டர்."