கை படாத மேண்டலின்

கம்பத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான் விஜய்பாண்டி. அவன் வீட்டு மாடி அறையில் ஒன்பது மேண்டலின்கள் தொங்கின. ஒன்றைக்கூட அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

ஆசைப்படாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், தொண்ணூற்றாறில், வீரபாண்டித் திருவிழாக் கச்சேரியில் பொன்னுராஜ் என்பவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, மறுவாரமே உத்தமபாளையத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றவன். ஆறு மாதம் ஞாயிறு தவறாமல் போனான். செம்புக் கம்பி சுற்றிச் சுற்றித் தடித்த விரல்கள் அவனுக்கு. மேண்டலினில் கம்பிகள் ஜோடி ஜோடியாக எட்டு. இவன் ஒரு ஜோடியை அழுத்தினால் பக்கத்து ஜோடியும் சேர்ந்து அமுங்கிச் சத்தம் செத்துப்போகும். பொன்னுராஜ் பொறுத்துப் பார்த்துவிட்டு, உனக்குக் காது இருக்கிறது, கை இல்லை, எதற்குப் பஸ் காசைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டார். இவனுக்கு அழுகை வந்தது. அழாமல் பஸ் ஏறிவிட்டான்.

இரண்டு வருசத்தில் பொன்னுராஜே கீபோர்டுக்கு மாறிவிட்டார். பெரியகுளத்திலிருந்து கூடலூர் வரை இருந்த இசைக்குழுக்கள் எல்லாமே மாறின. ஒரே பெட்டியில் வயலினும் புல்லாங்குழலும் மேண்டலினும் வரும்போது தனியாக ஓர் ஆளுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்? பரணுக்குப் போன மேண்டலின்களை விஜய்பாண்டி தேடிப்போய் வாங்கினான். முதலில் வாங்கியது பொன்னுராஜுடைய கல்கத்தா மேண்டலினைத்தான், அரிசி மூட்டை விலைகூட இல்லை. பிறகு ஜெயமங்கலத்தில் ஒன்று, சின்னமனூரில் இரண்டு. லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளிப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மோட்டார் பார்க்கப் போனபோது, விறகுக்கு மேலே ஒன்று கிடந்தது. எந்தக் காலத்திலோ இருந்த வெள்ளைக்கார மேனேஜர் விட்டுப்போனதாம். தோட்டக்காரர் கூலியோடு அதையும் கையில் கொடுத்து, “கொண்டுபொய்க்கோ” என்றார் மலையாளத்தில். உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தை டார்ச் அடித்துப் படித்தான். அமெரிக்காவில் செய்தது.

வாசிக்க முடியாதவன் பத்திரமாக வைத்துக்கொள்ளவாவது செய்யலாம் என்று நினைத்திருப்பான். அதில் அவன் ராட்சசன். இறுக்கமாக விட்டால் கழுத்து வளைந்துவிடும் என்று எல்லாவற்றிலும் கம்பியைத் தளர்த்தி வைத்தான். ஆளுக்கொரு துணி உறை. கைவேர்வை பட்டால் துருப்பிடிக்கும், ஆகையால் யாரும் தொடக்கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு அவனே இறக்கி, உடம்பை மட்டும் துடைத்து, மறுபடி மாட்டுவான்.

மாரீஸ்வரி அந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு சாயங்காலம், எதையாவது வாசித்துக் காட்டச் சொன்னாள். இது வாசிக்கிறதுக்கு இல்ல, வைக்கிறதுக்கு என்றுவிட்டு அவன் கீழே இறங்கிப் போய்விட்டான். அவள் அப்புறம் கேட்கவில்லை. அவளுக்கு வடுகபட்டி. பூண்டு வியாபாரம் நடக்கிற ஊர். அண்ணன் பேச்சிமுத்து பஸ்ஸில் மூட்டை போட்டு அனுப்புவான். வேர் நறுக்கி, தோல் உரசிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவாள். பிள்ளை இல்லாத வீட்டில் பகல் பொழுது அப்படிப் போகிறது என்று விஜய்பாண்டி நினைத்திருந்தான்.

ஒரு தடவை பக்கத்து வீட்டு ஷேக் மைதீன் டீக்கடையில் வைத்து, கை நல்லா ஓடுதே தம்பி, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்றார். திராட்சைக் கமிசன் மண்டி வைத்திருந்த பெரிய மனுசர், குத்தலாகப் பேசுகிற ஆளும் இல்லை. ஆனால் பொன்னுராஜ் சொன்னது ஊர் முழுக்கத் தெரிந்துதான் இப்படிக் கேலி செய்கிறார் என்று விஜய்பாண்டிக்குச் சுருக்கென்றது. பாதி டீயை வைத்துவிட்டு வந்தவன் ரெண்டு வருசம் அவரோடு பேசவில்லை. என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் அவர் நோன்புக் கஞ்சியை மட்டும் வருசா வருசம் கொடுத்தனுப்பினார்.

அவருடைய மகன் அல்தாப் பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விலை விசயம் தெரியவந்தது. பழைய மேண்டலினை உலகம் முழுக்கத் தேடித்தேடி வாங்குகிறார்கள். நூறு வருசத்துச் சாமான் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த வருசம் இன்னும் ஏறும். அல்தாப் படங்களைக் காட்டினான். விஜய்பாண்டி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். விற்க நினைக்கவில்லை. தனக்கு மட்டும் தெரிந்திருந்த அருமையை இப்போது சீமைக்காரனும் ஒத்துக்கொள்கிறான் என்கிற சந்தோசமே போதுமானதாக இருந்தது.

2008இல் விற்க வேண்டி வந்தது. கடைக்குச் சொந்தக்காரர் நல்லகண்ணு கட்டடத்தை விற்கப்போவதாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் விஜய்பாண்டிக்கே; இல்லாவிட்டால் செல்போன் கடைக்காரன் காத்திருக்கிறான். கடை போனால் வாடிக்கை போய்விடும். எந்த விவசாயியும் கருகின மோட்டாரைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஆளைத் தேட மாட்டான். மேண்டலின் வாங்குகிறவர்களுக்கு அல்தாப் தகவல் அனுப்பினான். கோயம்புத்தூரிலிருந்து சண்முகராஜ் என்பவர் போன் செய்தார். அமெரிக்க மேண்டலினுக்குத் தொண்ணூறாயிரம் தருவதாகவும், கை படாமல் இருக்க வேண்டும், தன் பார்ட்டிக்கு அதுதான் முக்கியம் என்றும் சொன்னார்.

“பத்து வருசமா ஒரு விரல் பட்டதில்ல சார்” என்றான் விஜய்பாண்டி. அட்வான்சுக்குத் தொண்ணூறு சரியாகப் போதும்.

சண்முகராஜ் வியாழக்கிழமை மத்தியானம் காரில் வந்தார். மாடி அறையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மேண்டலினை மடியில் போட்டு, சின்னக் கண்ணாடி வைத்து உள்ளே பார்த்தார். தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கழுத்துக்கு வந்ததும் நின்றது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை நகத்தால் வருடினார். ப்ரெட் என்பார்கள், விரல் அழுத்தினால் கம்பி அதன்மேல்தான் படியும்.

“குழி விழுந்திருக்குங்க. இதை வருசக்கணக்கா தினம் வாசிச்சிருக்காங்க.”

அந்த வெள்ளைக்காரனாக இருக்கும் என்றான் விஜய்பாண்டி. இது பழைய குழி இல்லை, பழசாக இருந்தால் குழிக்குள்ளே களிம்பு ஏறியிருக்கும், இது பளிச்சென்று இருக்கிறது என்றார் அவர். விஜய்பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. விலையைக் குறைக்க இது ஒரு வழியா, நான் என்ன பொய்யா சொல்கிறேன், என் வீட்டில் யார் வாசிக்க இருக்கிறார்கள் என்று குரலை உயர்த்தினான். சண்முகராஜ் பதிலுக்குக் கத்தவில்லை. அறுபது தரலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அப்போதுதான் மாரீஸ்வரி டீ கொண்டுவந்தாள். தம்ளரைப் புருசன் பக்கம் நீட்டினாள். வலது கையில் சண்முகராஜுக்கான தம்ளர், இவனுக்கு நீட்டியது இடது கை. கட்டைவிரலும் மற்ற நாலும் தம்ளரைச் சுற்றியிருந்தன. அந்த நாலு விரல் நுனியிலும் காய்ப்பு. இத்தனை வருசம் பார்த்ததுதான். பூண்டு என்று நினைத்திருந்தான். பூண்டு பிடிக்கிற கையில் கட்டைவிரல் அல்லவா முதலில் காய்க்க வேண்டும்? கட்டைவிரல் குழந்தைக் கை மாதிரி இருந்தது.

அவள் கீழே இறங்கினாள். இவனும் டீயைக் குடிக்காமல் பின்னாலேயே இறங்கினான். அடுப்படியில் அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

“எத்தன வருசமா?”

“வந்த மறு வருசத்துலருந்து.”

திட்டத்தான் வாயெடுத்தான். ஏன் மறைத்தாய் என்று மட்டும் கேட்டான்.

“ஒங்களுக்கு வரலன்னு தெரியும். பொன்னுராஜு சம்சாரம் சொல்லிச்சு. எனக்கு வந்துருச்சுன்னா நீங்க என்ன செய்வீக? அதான்.” அடுப்பைத் தணித்துவிட்டு, “ஒண்ணும் செய்ய மாட்டீக. சும்மா இருப்பீக. அதத்தான் பாக்க முடியாதுன்னு இருந்தேன்” என்றாள்.

மற்றதெல்லாம் அவள் கோர்வையில்லாமல் சொன்னாள். அவன் கடைக்குப் போனதும் உறையைக் கழற்றுவாள். ரேடியோவில் கேட்டதைத் தடவித்தடவிப் பிடிப்பாள். முடித்ததும் கம்பியைப் பழையபடி தளர்த்தி, உறை முடிச்சை அவன் போடுகிற மாதிரியே போட்டுவைப்பாள். ஷேக் மைதீன் சம்சாரம் மதீனா அக்காவுக்குத் தெரியும். அவுக சுவரும் நம்ம சுவரும் ஒன்றுதானே. முதல் வருசம் முழுக்க விஜய்பாண்டிதான் வாசிக்கிறான் என்று மதீனா தன் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அப்புறம் விசயம் தெரிந்து, வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்து, தனக்குப் பிடித்த பாட்டையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாளாம். நோன்பு மாசம் மட்டும் மாரீஸ்வரி தானாக நிறுத்திவிடுவாள். ஏன்டி நிறுத்துற, பசி தெரியாம இருக்கும்ல என்று மதீனா வைவாளாம்.

விஜய்பாண்டிக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. ஷேக் மைதீனின் முகம் வந்தது. “ரெண்டு வருசம் அந்த மனுசன் மொகத்துல முழிக்கலையேடி” என்றான். அவனுக்கே சிரிப்பு முட்டியது. சிரிக்கவில்லை.

“குடுத்துருங்க” என்றாள் அவள். “கட தான் வேணும். எல்லாத்தையும் குடுத்தாலும் சரி.”

“ஒனக்கு?”

“அந்த அமெரிக்காவா? அதுல கம்பி தாழ இருக்கும், பழகுறதுக்குச் சொகமா இருந்துச்சு. சத்தம் சளி புடிச்ச மாதிரிதான். இப்ப மூணு வருசமா அதத் தொடுறதே இல்ல. பொன்னுராஜோட கல்கத்தாவ மட்டும் விட்டுருங்க.”

பத்து வருசமாக அவன் நெஞ்சில் தூக்கிச் சுமந்த மேண்டலின், விறகிலிருந்து எடுத்து வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்த மேண்டலின், சளி பிடித்த மேண்டலினாம். அவன் அதன் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

மாடிக்கு வந்து, நீங்கள் சொன்னது சரி, கோபப்பட்டதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றான். சண்முகராஜ் அவனுக்குப் பின்னால் வந்து நின்ற மாரீஸ்வரியைப் பார்த்தார். புரிந்துகொண்டார் போல. மறுபடி ப்ரெட்டை வருடிவிட்டு அவளிடம் சொன்னார்.

“ஒரே சீரா தேஞ்சிருக்கும்மா. கண்டபடி அமுக்குன கை இல்ல இது.”

பொன்னுராஜ் ஆறு மாதத்தில் சொல்லாத வார்த்தை. மாரீஸ்வரி சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அமெரிக்க மேண்டலினோடு இன்னும் ஏழும் போயின. எல்லாம் சேர்ந்து அட்வான்சுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. கல்கத்தா மேண்டலினை அவர் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். இதற்கு எங்கேயும் விலை இல்லை என்றார். சரி சார் என்றான் விஜய்பாண்டி. துணி உறைகளையும் அவருக்கே கொடுத்துவிட்டான்.

கார் போனதும் அவள் சோறு வைக்கப் போனாள். சோறு இருக்கட்டும், வா என்றான். அவள் நெளிந்தாள். ஆள் முன்னால் வாசித்ததில்லை என்றாள். நான் ஆளா என்று கேட்டான். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால் வாசிக்கிறேன் என்றாள். ஆணிகள் மட்டும் மிஞ்சிய சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

அவள் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்தாள். பிறகு வாசித்தாள். பெரிய வித்வான் வாசிப்பெல்லாம் இல்லை. வேகமான இடங்களில் பதறினாள், ஒரு அடியை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தாள். ஆனால் கம்பி எதுவும் சாகவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் சத்தத்தோடு இருந்தது. நல்ல காது என்று ஒருத்தர் சொன்ன காதால் விஜய்பாண்டி அதைக் கேட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

முடிந்தும் அவன் திரும்பவில்லை. கண்ணைத் துடைக்க நேரம் வேண்டியிருந்தது.

“கம்பி துருவேறிக் கிடக்கு” என்றான், சுவரைப் பார்த்தபடியே. “இத்தன நாளா கம்பி எங்கன வாங்குன?”

“அல்தாப் தேனிக்குப் போறப்ப வாங்கியாருவான்.”

“அவனுமா? இனிமே நான் வாங்கியாறேன்.”

“வேண்டாம்” என்றாள் மாரீஸ்வரி. “நீங்க வெல கூடுனதாப் பாத்து வாங்கியாருவீக. அவனே வாங்கட்டும்.”