முழுவதும் அணையும் வரை

திரைக்கயிறு இழுப்பது கைவேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கண்வேலை. நாடக மேடைக்கு இடப்பக்கம் கறுப்புத் துணிக்குப் பின்னால் நான் நிற்பேன். முகத்துக்கு நேரே சுவரில் இண்டர்காம் பெட்டி, அதில் ஒரு சிவப்பு பல்பு. அரங்கத்தின் கடைசியில் கண்ணாடி அறைக்குள் மேலாளர் மேடம் உட்கார்ந்திருப்பார். அவர் பொத்தானை அமுக்கினால் சிவப்பு எரியும், நான் தயாராக நிற்க வேண்டும். சிவப்பு அணைந்தால் இழுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

நடுவில் ஒரே ஒரு தப்பு நடந்தது. இரண்டாம் காட்சியில் ராஜா படுத்தார். படுத்த விதத்தைப் பார்த்துச் செத்துவிட்டார் என்று நினைத்து, விளக்கைப் பார்க்காமல் திரையை இறக்கிவிட்டேன். அவர் தூங்கத்தான் செய்தாராம். திரைக்கு உள்பக்கம் எழுந்து உட்கார்ந்து, "என்னை எதுக்குண்ணே இவ்வளவு சீக்கிரம் கொன்னீங்க?" என்று கேட்டார்.

மறுநாளே மேடம் அளவுநாடாவோடு வந்து என் சுவரை அளந்தார்.

"இன்னொரு தப்பு நடந்தா இங்க மோட்டார் வந்துரும். மோட்டார் நாடகம் பாக்காது. தெரியுதா கயிறு?"

இண்டர்காமில் எல்லோரையும் வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நேரில் கூப்பிடவும் மேடத்துக்கு அதுவே பழகிவிட்டது. ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அதற்கு முந்தின வருஷம் வரை பெருவிரலைத்தான் நீட்டியிருப்பேன். பொட்டலக் காகிதங்களை வைத்து என் மனைவி எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதனால் வாசித்துப் பார்த்துவிட்டே போட்டேன்: "சிவப்பு விளக்கு முழுவதும் அணையும் வரை கயிற்றைத் தொடமாட்டேன். யார் சொன்னாலும் தொடமாட்டேன். மேலாளரே நேரில் வந்து சொன்னாலும் தொடமாட்டேன்."

நான் வாசித்துக் கையெழுத்துப் போட்ட முதல் காகிதம். மறக்குமா?

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கை வீட்டுக்காரர், கரண்டு வேலை பார்க்கிறவர். "அவரு வந்துட்டுப் போனா எரிஞ்சுக்கிட்டிருந்ததும் எரியாது" என்பாள் என் மனைவி. தங்கை அழுததால் நான்தான் அவரை அரங்கத்தில் சேர்த்துவிட்டேன். அவர் மேடத்திடம் போய், அரங்கத்தின் இருபத்திரண்டு இண்டர்காம் பெட்டியிலும் பல்பு மாதம் ஒன்று போகிறது, எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றிவிட்டால் தொல்லையே இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஒரே காலையில் மாற்றியும் விட்டார். என் பெட்டியில் மட்டும், சொந்தக்காரன் என்ற பாசத்தில், கழலாமல் இருக்கப் பசை போட்டு ஒட்டினார்.

"மச்சான், இனி இது உங்க ஆயுசுக்கும் போகாது" என்றார்.

அன்று பகல் மூன்று மணிக்கு ஆட்டம். இடைவேளை இல்லாத நாடகம். தொடக்கத்தில் எல்லா விளக்கும் எரிந்ததால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சிவப்பு எரிந்தது, அணைந்தது, திரையை ஏற்றினேன். கடைசிக் காட்சியில்தான் அகப்பட்டேன். அது காட்டில் இருட்டில் நடப்பது. மேடையில் ஒரே ஒரு விளக்கு, என் பக்கம் கும்மிருட்டு.

ராஜா விஷம் குடித்தார். சிவப்பு எரிந்தது. ராஜா விழுந்தார், ராணி அழுதார், சிவப்பு குறைந்தது. ஆனால் நடுவில் ஒரு புள்ளி மட்டும் பூனைக்கண் மாதிரி நின்றது. நான் காத்திருந்தேன்.

ஹெட்போனில் மேடம்: "கயிறு, போ."

"நிக்கிறேன் மேடம்."

"நிக்காத, இழு!"

"சிவப்பு எரியுதுங்க."

"நான்தான் அணைச்சுட்டேனே!"

"அங்க அணைஞ்சிருக்கும் மேடம். இங்க எரியுது."

மேடையில் ராணிக்கு அழுகை தீர்ந்துவிட்டது. முதலிலிருந்து இன்னொரு முறை அழுதார். பிறகு ராஜா சின்ன வயதில் எப்படியெல்லாம் ஓடி விளையாடினார் என்று சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். அதுவும் தீர்ந்ததும் ராஜாவே எழுந்தார். "தேவி, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, என்ன மறந்தார் என்று யோசித்து, தோன்றாமல் மறுபடியும் செத்தார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

மூன்றாவது தடவை என் பக்கமாக உருண்டு வந்து செத்தார்.

"அண்ணே, முதுகு போச்சுண்ணே. இறக்குங்கண்ணே."

"உங்களுக்கு முதுகுதான் போகும். எனக்கு வேலை போகும்."

ஓடி வந்தார் மாப்பிள்ளை, வாயில் டெஸ்டரைக் கவ்விக்கொண்டு.

"மச்சான், அது எரியல. ஒயர்ல கொஞ்சூண்டு கரண்டு கசியுது. பழைய பல்புக்கு அது காணாது, சும்மா கிடக்கும். இதுக்கு அதுவே போதும்."

"அப்ப எரியுதுன்னு சொல்லுங்க."

"எரியல, மினுங்குது."

"மினுங்கினா முழுசா அணைஞ்சதா?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "கையால மூடிக்கிட்டு இழுங்களேன்."

"கண்ணை மூடினாக்கூடத்தான் தெரியாது. அதுக்கு அணைஞ்சதுன்னா அர்த்தம்?"

"பிடுங்கிரவா?"

பிடுங்கிப் பார்த்தார். வரவில்லை. பாசத்தில் போட்ட பசை.

அதற்குள் மேடமே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் ஓடி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"இழுய்யா! நான் சொல்றேன், இழு!"

"'நேரில் வந்து சொன்னாலும்'னு இருக்கு மேடம். நீங்க எழுதினதுதான்."

"அப்ப எழுதியே தர்றேன்!" என்று, கையிலிருந்த நாடகப் பிரதியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, சுவரில் வைத்து எழுதி நீட்டினார்.

எழுத்தென்றால் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். காகிதத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கூட்டினேன். "சி... வப்பு... வி... ளக்கு..." மேடையில் ராஜா ஐந்தாவது தடவையாகச் செத்துக்கொண்டிருந்தார். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து முந்திக்கொண்டு வாசிக்கப் போனார், நான் விடவில்லை. கடைசியில் முழுவதும் வாசித்துவிட்டேன்: "சிவப்பு விளக்கு முழுவதும் அணைந்துவிட்டது. கயிற்றை இழுக்கவும்."

"படிச்சுட்டியா?"

"படிச்சுட்டேன் மேடம். ஆனா ஒரு சந்தேகம். அணைஞ்சிருந்தா, இந்த இருட்டுல இதை எப்படிப் படிச்சேன்?"

மாப்பிள்ளைதான் பாக்கெட்டிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, தான் காலையில் ஒட்டிய விளக்கை நறுக்கென்று நசுக்கினார். இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. இழுத்தேன். நூற்றிருபது கிலோ திரை ஒரு குறையும் இல்லாமல் வந்து தரையைத் தொட்டது.

உள்ளே போய்ப் பார்த்தால் ராஜா எழுந்திருக்கவில்லை. செத்த இடத்திலேயே தூங்கிப்போயிருந்தார்.

"மறுபடியும் இவரு தூங்கறப்போ இறக்கிட்டியே" என்றார் மேடம். அளவுநாடாவை எடுத்தார்.

பதினைந்தே நாளில் மோட்டார் வந்தது. மாட்டியவர் மாப்பிள்ளை. "அண்ணே, அவர்மேல கோவிச்சுக்காதீங்க, அது அவரு வேலை" என்று தங்கை வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து பொட்டலக் காகிதங்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

மோட்டாருக்கும் உத்தரவு அதே ஒயரில்தான் போகிறது. கசிகிற கரண்டும் அதே ஒயரில்தான் போகிறது. முதல் ஆட்டத்திலேயே திரை யாரும் சொல்லாமல் விரல் விரலாக இறங்கியிருக்கிறது. முதல் காட்சியில் ராஜாவுக்குக் கிரீடம் தெரியவில்லை, இரண்டாவதில் தலை தெரியவில்லை. கடைசிக் காட்சியில் அவர் முழங்கால் வரைக்கும்தான் நடித்தாராம்.

ஒவ்வொரு பெட்டியிலும் எல்இடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பல்பைச் சேர்த்துவிட்டால் கசிவை அது தின்றுவிடும் என்றார் மாப்பிள்ளை.

"பழசையே போடறதுன்னா புதுசை எதுக்குய்யா மாத்தினே?" என்று கத்திவிட்டு, எனக்கு ஆள் அனுப்பினார் மேடம்.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது. முன்பு ஆட்டத்துக்கு இரண்டு தடவை இழுத்தால் போதும். இப்போது மூன்று மணி நேரமும், மோட்டார் திரையை இறக்கிவிடாதபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பெட்டியில் புது எல்இடி, பழைய இடத்திலேயே, கூடுதல் பசையோடு. புதுக் காகிதமும் வந்தது. வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்: "சிவப்பு விளக்கு முழுவதும் அணையும் வரை கயிற்றை விடமாட்டேன். மேலாளரே நேரில் வந்து சொன்னாலும் விடமாட்டேன்."

ஆட்டம் முடிந்துவிட்டது. ஜனங்கள் போய்விட்டார்கள். ராஜா மேக்கப்பைக் கலைத்துவிட்டு, "வரேண்ணே" என்று சொல்லிக்கொண்டு போனார். மேடம் வந்து விடச் சொன்னார், காகிதத்தைக் காட்டினேன். மாப்பிள்ளை கட்டிங் பிளேயர் எடுத்துவரப் போயிருக்கிறார். எழுத, பெட்டியின் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. இதை ஒரு கையால்தான் எழுதுகிறேன்.