நானூறு வாளிகளும் ஒரு தம்பியும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண்காட்சிக் கூடத்தின் வாசலில் கிடைத்தது. ஒரு பெண்மணி நீல வாளியோடு உள்ளேயிருந்து விறுவிறுவென்று வெளியே வந்தாள். காவலாளி பின்னாலேயே ஓடிவந்து, "அம்மா, அது கலைப்படைப்பு!" என்றார். "இது என் வாளி!" என்றவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வானத்தைப் பிளந்துகொண்டு ஒரு போர் விமானம்

வேண்டாம். விமானம் வந்தால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்குக் கீழே பார்க்கிற வேலை இருக்கிறது.

2

கதையில் ஓர் அக்கா, ஒரு தம்பி. அக்கா நிறுவல் கலை செய்பவள். ஓர் அறைக்குள் பொருள்களை வைத்து, நுழைகிறவர்களை யோசிக்க வைப்பவள். (அவள் மாமியாரின் விளக்கம் இன்னும் தெளிவானது: "சொந்த வீட்ட அடுக்கி வைக்க மாட்டா, ஊரான் ரூம்ல போயி அடுக்குவா.") தம்பி விமானப்படைத் தளத்தில் போர் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புபவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா கேட்டாள்: "ஏண்டா, ஒரு மணி நேரம் பறந்தா எவ்வளவு குடிக்கும்?" பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சொல்லும் தாயைப்போல அவன் பூரிப்போடு சொன்னான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

லிட்டரை வாளியாக்கினாள். நானூறு வந்தது. (இந்த எண்ணை நம்பாதீர்கள். விமானத்துக்கு விமானம் மாறும். நானூறு என்பது நான் கட்டிய கூடத்தில் கொள்ளும் அளவு.)

அவள் தெருவில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. கோடை நீள நீள, நான்கு நாளைக்கு ஒருமுறை ஆயிற்று. அதனால் வீட்டுக்கு ஏழெட்டு வாளி. தெருத் தெருவாக ஏறி இறங்கி இரவல் வாங்கினாள். காலி வாளிகளைக் கூடம் முழுக்க வரிசையாக வைத்தாள். சுவரில் ஒரே வரி: "போர் விமானத்தின் ஒரு மணி நேரம்."

[இங்கே இரண்டு பக்கக் கட்டுரை இருந்தது. நாடுகள் தங்கள் புகைக்குக் கணக்குக் காட்டும்போது படைகளின் புகையைக் காட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. அந்தப் புகைக்கும் சேர்த்து வெயிலில் காய்வது விமானமே ஏறாத தெருக்கள். வாளிகளே இதைச் சொல்லிவிடுவதால் வெட்டிவிட்டேன். இரண்டு வாக்கியங்களை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. அவற்றைத்தான் இப்போது படித்தீர்கள்.]

3

அக்காவின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. தம்பியிடம் ஏன் சொல்லவில்லை? மறந்தேன் என்று என்னிடமே சாதிக்கிறாள். ஆனால் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று, "உனக்கு எதிரா இல்லடா" என்று ஒத்திகை பார்ப்பவள் எதையும் மறந்தவள் இல்லை. அளவைச் சொன்னது யார் என்று வெளியே தெரிந்தால் அவன் வேலை போய்விடும். தெரியாவிட்டாலும், தன் பெருமை தனக்கே எதிராகச் சாட்சி சொல்வதை அவன் பார்க்கத்தான் போகிறான். "உன் படமெல்லாம் பாக்க லீவு போட்டுட்டேன்கா" என்கிறான் அப்பாவி. படங்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

4

திறப்பு விழாக் காலை. குழாயில் ஒரு நாள் முன்னதாகவே தண்ணீர் வந்துவிட்டது. தெருவே கூடத்துக்குள் நுழைந்தது. முன்னால் நீல வாளிக்காரி.

"வாளியக் குடும்மா!"

"ரெண்டே மணி நேரம் பொறுங்கக்கா, எல்லாரும் பாக்க வர்றாங்க."

"அத என்கிட்ட சொல்லாத. குழாய்கிட்டப் போயி சொல்லு."

வரிசைகள் கலைந்துகொண்டிருந்தபோது, தோளில் பையோடு தம்பி வாசலில் நின்றான். சுவரைப் படித்தான். வாளிகளைப் பார்த்தான். உதடுகள் அசைந்தன. எண்ணுகிறான்.

"அக்கா, நான் சொன்னதா இது?"

"ஆமாடா."

"தப்பு."

ஒத்திகை பார்த்த வசனத்தை அக்கா விட்டுவிட்டாள். "கோவமா?" என்று மட்டும் கேட்டாள்.

"கோவமில்ல, கணக்கு தப்பு. நான் சொன்னது சும்மா நேரா பறக்கறதுக்கு. முழு வேகத்துல ஏறினா இதெல்லாம் கால் மணிக்கே காணாது. கேக்கறவ ஒழுங்கா கேக்க வேணாமா?"

"காணாதுன்னு சொல்ற நேரமாடா இது? இருக்கறதே போய்க்கிட்டிருக்கு!"

"ஏம்ப்பா," என்றாள் நீல வாளிக்காரி, "கட்டுமஸ்தா நின்னு கணக்கு பேசறியே, ஆளுக்கு ரெண்டு தூக்கலாம்ல?"

தூக்கினான். குழாயடியில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றபடி, வாளி நிறைவதையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "எதுக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அளவச் சொல்லியிருக்க மாட்டே."

"சொல்லியிருப்பேன்." கொஞ்சம் யோசித்தான். "குறைச்சுச் சொல்லியிருப்பேன்."

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவனுக்கும். அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

5

விருந்தினர் வந்தபோது கூடத்தில் முப்பத்தோரு வாளிகளும் ஏராளமான வெறுந்தரையும் இருந்தன. பார்த்தவர்கள் ஆழ்ந்த பொருள் கண்டு தலையாட்டினார்கள். ஒரு நிருபர் மட்டும் நேராக அக்காவிடம் வந்தாள். "இந்த அளவு எங்கிருந்து கிடைச்சது?" பிறகு பக்கத்தில் நின்ற தம்பியின் நனைந்த சட்டையைப் பார்த்தாள். "சார் யாரு?"

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

தம்பி, "வாளி தூக்க வந்தேன்" என்கிறான். பொய்யும் இல்லை, வேலைக்கும் ஆபத்தில்லை. ஆனால் அக்கா தலை நிமிர மாட்டேன் என்கிறாள்.

தம்பி, "அந்த விமானத்துக்கு ஊத்தறவனே நான்தான்" என்கிறான். எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. மறுநாள் அவனுக்கு என்ன நடக்கும் என்று எழுதத் துணிவில்லை.

அக்கா முந்திக்கொண்டு, "எங்க தெரு ஆளு" என்கிறாள். காப்பாற்றத்தான் சொல்கிறாள். ஆனால் போனில் மறைத்ததைப் பொறுத்தவன், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தம்பி இல்லை என்றதை

இல்லை, இதை முடிக்க மாட்டேன்.

நிருபர் பேனாவோடு காத்திருக்கிறாள். அக்கா தம்பியின் ஈரக் கையைப் பிடித்துக்கொள்கிறாள், தடுக்கவா தைரியம் சொல்லவா என்று அவளுக்கே தெரியாமல். அவன் தொண்டையைச் செருமுகிறான். அவனுக்கு இந்தப் பக்கம் நிற்பது நீங்கள்தான். காதோடு காதாகச் சொல்லிக்கொடுங்கள். நான் திரும்பி நின்றுகொள்கிறேன்.